வாட்ஜ் பேங்க்ல உங்களுக்கு அக்கவுண்ட் இருக்கா?

எங்க ஊரு கொட்டாரம். நாகர்கோவில் வழியா கன்னியாகுமரிக்கு டூர் வந்தவங்க எல்லாரும் எங்க ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. ஆனா பாத்திருக்க மாட்டீங்க. சூரிய உதயத்தைப் பிடிக்கிற அவசரத்துல கொட்டாரத்தை யாரு பாக்கப் போறா? மருந்துவாழ்மலை கண்ணுல பட்டா எங்க ஏரியா வந்தாச்சுன்னு அர்த்தம். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிட்டுப் போகும்போது கீழ விழுந்த துண்டுன்னு சொல்ற மலை அது. பின்னாடி அது மறுபடி வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

கடல் ஆறேழு கிலோமீட்டர்லதான் இருக்கு. ஆனாலும் எங்க ஊரு கடற்கரை ஊரு இல்ல, வயக்காட்டு ஊரு. கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகத்துல வருஷத்தை எண்ணுற ஊரு. கடல் எங்களைத் தேடி வர்றது மீன்கார அக்காவோட கடவத்துலதான். (கடவம்னா பனையோலையில முடைஞ்ச பெரிய கூடை. இப்ப அது அலுமினியச் சட்டி ஆகி, பிளாஸ்டிக் பெட்டி ஆகி, ஸ்கூட்டி பின்சீட்டுக்கு வந்தாச்சு.) சாளை, அயிலை, நெத்திலி, வாளை, கொஞ்சம் காசு இருந்தா நெய்மீன். மீன் இல்லாத அன்னைக்கு ஒரே ஒரு வரிதான் சொல்லுவாங்க: "இன்னைக்குக் கச்சான் காத்தாக்கும்க்கா, ஒண்ணும் படல." அம்மாவும் பேசாம முருங்கைக்காயை எடுக்கப் போயிடுவாங்க.

நிற்க. சொல்ல வந்த விஷயம் வேற.

இந்த மீனெல்லாம் எங்க இருந்து வருது? கடல்ல இருந்துன்னு சொன்னா, நெல்லு தரையில இருந்து வருதுன்னு சொல்ற மாதிரி. எங்க ஊர்ல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. எந்த வயலு, எந்தக் குளத்துப் பாசனம், மேட்டு நிலமா பள்ளமான்னு கேட்டுத்தான் பேச்சே ஆரம்பிக்கும். மீனுக்கும் அப்படி ஒரு வயலு இருக்கு. அதோட பேருதான் வாட்ஜ் பேங்க்.

பேங்க்னதும் பாஸ்புக்கைத் தேடாதீங்க :-) குமரிமுனைக்குத் தெற்கே கடலுக்கடியில பரந்து கிடக்கிற ஒரு மேட்டுத் திட்டு அது. பரப்பு ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர்னு சொல்றாங்க. எங்க கன்னியாகுமரி மாவட்டமே 1,700 சதுர கிலோமீட்டருக்குள்ளதான். ஆறு கன்னியாகுமரி மாவட்டத்தைத் தண்ணிக்கடியில விரிச்சுப் போட்ட மாதிரி நினைச்சுக்கோங்க. ஆழம் பெரும்பாலும் 200 மீட்டருக்குள்ள. அந்த விளிம்பைத் தாண்டிட்டா இந்தியப் பெருங்கடல், ஆயிரக்கணக்கான மீட்டர் பாதாளம்.

நடுக்கடல்ல நிறைய மீன் இருக்கும்னு நாம நினைக்கிறோம். நிஜத்துல நடுக்கடலோட பெரும்பகுதி பாலைவனம் மாதிரிதான். வெளிச்சம் மேல இருக்கு, சத்து எல்லாம் கீழ போய் படிஞ்சு கிடக்கு. ரெண்டும் சந்திக்கிற இடத்துலதான் விளைச்சல். குமரிக்கடல் அப்படிப்பட்ட இடம். ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து அடிச்சு மேல்தண்ணியைக் கரையை விட்டுத் தள்ளும். அந்த இடத்தை நிரப்பக் கீழ இருந்து குளிர்ந்த தண்ணி, அடியில கிடந்த சத்தையும் வாரிக்கிட்டு மேல வரும். அதுல வெயில் பட்டா கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பெருகும். பாசியைத் தின்ன நுண்ணுயிர்கள், அதையும் இதையும் தின்ன சாளையும் நெத்திலியும், அதைத் தின்ன சூரையும் நெய்மீனும்னு சங்கிலி நீளும். எங்க வயல்ல கன்னிப்பூப் பயிர் நிக்கிற மாசங்கள்ல கடலுக்கும் உரம் போட்டாகுது. யாரும் மூட்டை பிரிக்கிறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மேடும் சமதரை கிடையாது. ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் சேறு, நடுநடுவே பாறைகள். பாறை மேல கடற்பஞ்சும் கடல்விசிறியும் மென்பவளமும் அப்பி வளந்திருக்கும். அந்தப் பொந்துகளை நம்பித்தான் கலவா இருக்கு, சிங்கி இறால் இருக்கு. கணவாய் தன் முட்டையை ஒட்ட வைக்கிறதுக்கும் ஏதாவது பிடிமானம் வேணும். பாறை இல்லாத இடத்துல இந்த ஜாதி மீனுக்கு ரேஷன் கார்டே கிடையாது.

இந்த மேட்டோட அருமை வெளியில தெரிஞ்சு நூறு வருஷம் ஆச்சு. 1920களிலேயே 'லில்லா'ங்கிற கப்பலை வச்சு இலங்கைத் தரப்புல இங்க மீன்வள ஆய்வு நடந்திருக்கு. அதுக்கப்புறம் பல வருஷம் கொழும்புல இருந்து இழுவைக் கப்பல்கள் இங்க வந்து மீன் பிடிச்சுட்டுப் போயிருக்கு. 1976 மார்ச் 23ஆம் தேதி இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடா, வங்கக்கடல் எல்லை ஒப்பந்தம் போட்டப்ப, கூடவே கடிதங்களும் பரிமாறிக்கிட்டாங்க. கச்சத்தீவைப் பத்திப் பேசும்போது இதையும் சேத்துப் பேசுவாங்களே, அந்தக் கடிதங்கள்தான். வாட்ஜ் பேங்க் இந்தியாவோட பொருளாதார மண்டலத்துக்குள்ள வருதுன்னு அதுல எழுதினாங்க. நல்லெண்ணத்துக்காக ஆறு இலங்கைக் கப்பல்கள் மூணு வருஷத்துக்கு மட்டும், வருஷத்துக்கு 2,000 டன்னுக்கு மேல போகாம பிடிச்சுக்கலாம்னு ஒரு சலுகையும் குடுத்தாங்க.

அதுக்குள்ள ஒரு சின்ன ஷரத்து இருக்கு. அந்த மூணு வருஷத்துக்குள்ள இந்தியா இங்க பெட்ரோலியமோ வேற கனிமமோ தேட முடிவு பண்ணினா, இலங்கைக்குச் சொல்லணும், சொன்ன பகுதியில அவங்க மீன்பிடியை நிறுத்திக்கணும். பாருங்க, 1976லயே! மீனைப் பத்தி ரெண்டு நாடு எழுதிக்கிட்ட காகிதத்துல, மீனுக்கு அடியில இருக்குறதுக்கும் ஒரு துண்டு போட்டு வச்சிருக்காங்க.

இந்த முன்கதை எதுக்குன்னா, 2024 ஜனவரியில மத்திய அரசு எண்ணெய், எரிவாயு தேடுறதுக்கு அறிவிச்ச ஏலத்துல குமரிக்குத் தெற்கே மூணு ஆழ்கடல் பிளாக்குகள் இருந்துச்சு. மூணும் சேர்ந்து 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. 2025ல அது ஓ.என்.ஜி.சி.க்குக் கிடைச்சது. எங்க மாவட்டக் கடற்கரை கிராமங்கள்ல எதிர்ப்பு கிளம்பிச்சு. கொட்டாரம் டீக்கடையில பேப்பரை மடிச்சு வச்சுட்டு அடுத்த பேச்சுக்குப் போயிட்டாங்க. ஆறு கிலோமீட்டர்ங்கிறது சில விஷயத்துல ரொம்பத் தூரம்.

என்கூட இன்ஜினியரிங் படிச்ச ஒருத்தன் கோவளத்துக்காரன். (சென்னைக் கோவளமும் இல்ல, திருவனந்தபுரம் கோவளமும் இல்ல. குமரிக்கு மேற்க இருக்கிற எங்க கோவளம்.) அவன் இப்ப வளைகுடாவுல. அவங்க அப்பா இன்னும் ஃபைபர் வள்ளத்துல போறவர், சிங்கி இறாலுக்கு வலை வைக்கிறவர். நான் வீட்ல இருந்து வேலை பாக்குற வாரம்னு தெரிஞ்சு ஒருநாள் போன் போட்டார். "மக்களே, நீ கம்ப்யூட்டர்ல இருக்கவன்தானே, அந்த மேப்பைக் கொஞ்சம் எடுத்துக் காட்டு. நம்ம பாறை அதுக்குள்ள வருதான்னு பாக்கணும்."

லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனேன். பிளாக்குகளோட அட்சரேகை தீர்க்கரேகையை எல்லாம் எடுத்து கூகுள் எர்த்ல கோடு போட்டாச்சு. மூணு பெரிய கட்டம் வந்துச்சு. சரி மாமா, உங்க பாறை எங்கன்னு சொல்லுங்க, புள்ளி வைக்கிறேன்னு கேட்டேன்.

அங்கதான் சுவாரசியம். அவர் கைல நம்பர் இல்ல. (ஜி.பி.எஸ். வச்சிருக்கார், ஆனா அது மகன் வாங்கிக் குடுத்தது, அதுல இருக்கிறது பாதிதான்.) "மருந்துவாழ்மலை உச்சி கோயில் கோபுரத்துக்கு நேரா வரணும். வள்ளுவர் அந்தப் பக்கத்து மேட்டுக்கு நேரா வரணும். ரெண்டும் ஒண்ணா நின்னா நமக்குக் கீழ பாறை." கோயில்னா அவங்க மாதா கோயில். வள்ளுவர்னா நம்ம அய்யன்தான், 133 அடி. "2000த்துல வள்ளுவரை நிறுத்துன பொறவு கொஞ்சம் சுளுவாச்சு மக்களே, நல்லாத் தெரியும்"னார். திருவள்ளுவர் சிலைக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்குன்னு திறந்து வச்சவங்களுக்கே தெரிஞ்சிருக்காது.

கரையில ரெண்டு அடையாளம் ஒரே நேர்கோட்டுல வந்தா ஒரு கோடு. இன்னொரு ஜோடி வந்தா இன்னொரு கோடு. ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடம் ஒரே ஒரு புள்ளி. ஸ்கூல்ல கிராஃப் ஷீட்ல போட்டோமே, அதேதான். இவரு கடல் மேல போடுறார், அதுவும் ஆடுற வள்ளத்துல நின்னுக்கிட்டு. எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து தினமும் பாக்குற மலை, இவருக்குக் கடலுக்கடியில இருக்கிற ஒரு பாறையோட டோர் நம்பர்.

கோட்டையெல்லாம் போட்டுப் பாத்தோம். அவரோட பாறைகள் எல்லாம் கரையோரக் கடல்ல. பிளாக்குகள் தெற்கே ரொம்பத் தள்ளி, ஆழத்துல. எந்தப் பாறையும் கட்டத்துக்குள்ள வரல. எனக்கு ஒரு நிம்மதி. "மாமா, உங்க பாறைக்கு ஒண்ணும் இல்ல"ன்னேன்.

அவர் திரையைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "செரி, குஞ்சு எங்க கிடக்கும்?"னு கேட்டார்.

அன்னைக்கு ராத்திரி படிச்சதை இங்க சுருக்கமாச் சொல்றேன். சிங்கி இறால் தாய் முட்டையை வால் பக்கம் வயித்துக்கடியில சுமந்துட்டுத் திரியும். பொரிஞ்சு வர்ற குஞ்சு தாய் மாதிரி இருக்காது. கண்ணாடித் தாள்ல சிலந்தியை வெட்டி எடுத்த மாதிரி தட்டையா, ஊடுருவிப் பாக்கிற மாதிரி இருக்கும். அது பாறையில தங்காது. நீரோட்டத்துல மிதந்து திறந்த கடலுக்குப் போயிடும், மாசக்கணக்கா அங்கதான் வாழ்க்கை. பல தடவை தோலுரிச்சு, உருமாறி, ஒரு சின்னக் கண்ணாடி இறாலா ஆனதுக்கப்புறம்தான் கரையோரப் பாறையைத் தேடி நீந்தி வரும். அதாவது மாமா வலையில விழுற சிங்கி இறால், குழந்தைப் பருவத்தை எங்கேயோ நடுக்கடல்ல கழிச்சுட்டு வந்தது. அதுக்கு வீடு ஒண்ணு இல்ல, ரெண்டு. நான் புள்ளி வச்சது ரெண்டாவது வீட்டுக்கு மட்டும்.

எண்ணெய் தேடுறவங்க முதல்ல கிணறு தோண்டறதில்ல. கப்பலுக்குப் பின்னாடி காத்துத் துப்பாக்கிகளைக் கட்டி இழுத்துட்டுப் போவாங்க. சில விநாடிக்கு ஒருதடவை அழுத்தமான காத்தை வெடிக்க விட்டு, கடலடியில இருந்து திரும்பி வர்ற எதிரொலியை வச்சு அடியில என்ன இருக்குன்னு படம் எடுப்பாங்க. இது வாரக்கணக்குல, மாசக்கணக்குல நடக்கும். டாஸ்மேனியா பக்கம் ஒரே ஒரு துப்பாக்கியை வச்சுப் பண்ணின ஒரு ஆராய்ச்சி 2017ல வெளிவந்துச்சு. அளந்து பாத்த கடைசி எல்லையான 1.2 கிலோமீட்டர் வரைக்கும் மிதவை உயிர்கள் வழக்கத்தை விட ரெண்டு மூணு மடங்கு செத்துக் கிடந்தது. 2019ல அதே டாஸ்மேனியாவுல இன்னொரு ஆய்வு: அந்தச் சத்தத்துக்கு ஆளான பாறை இறால்களைக் கவுத்துப் போட்டா நிமிர்ந்து எழும்ப நேரமெடுக்குது, சமநிலை உறுப்பு பழுதாயிருக்கு.

எதிர்த்தரப்பையும் சொல்லணும், இல்லன்னா அது நியாயம் இல்ல. ஆஸ்திரேலியாவுல அதே 2017ல கணினி மாதிரி வச்சுக் கணக்குப் போட்டவங்க, நீரோட்டம் நல்லா இருக்கிற கடல்ல ஆய்வு முடிஞ்ச மூணு நாள்ல மிதவை உயிர்கள் பழைய அளவுக்கு வந்துடும்னு சொல்றாங்க. இருக்கலாம். சில நாள்லயே பெருகுற உயிருக்கு அது சரிதான். மாசக்கணக்கா மிதந்து வளர்ற ஒரு குஞ்சு செத்தா அதே வயசுல இன்னொண்ணு மூணு நாள்ல எங்க இருந்து வரும்? இது என் கேள்வி, விஞ்ஞானி யாராவது இருந்தா திருத்துங்க. எனக்குக் கோபம் வர்றது வேற இடத்துல. பிளாக்கை ஒதுக்குறது முதல்ல, சுற்றுச்சூழல் அனுமதிக்கான ஆய்வு அதுக்கப்புறம். ரிலீஸ் தேதியை கிளையண்ட்டுக்குச் சொல்லிட்டு அப்புறமா டெஸ்டிங் டீமைக் கூப்பிடற எங்க ஆபீஸ் கதைதான். அங்க போனா ஒரு ஞாயித்துக்கிழமை போகும்.

இன்னொண்ணு. மூணாவது வீடுன்னு ஒண்ணு இருக்கு, அது எங்க காலடியில. 2004 சுனாமியில பாலத்தை அடிச்சுட்டுப் போச்சே, அந்த மணக்குடி. பழையாறு அங்கதான் கடல்ல சேருது. வெள்ளை இறால் கடல்ல முட்டையிடும், குஞ்சு கழிமுகத்துக்குள்ள நுழைஞ்சு வளந்து, பெருசானதும் கடலுக்குத் திரும்பும். மடவை மீனோட கதையும் கிட்டத்தட்ட இதேதான். நாஞ்சில் நாட்டு வயல்கள்ல வடியுற தண்ணி பழையாறு வழியா அங்கதான் போய்ச் சேருது. பூச்சிமருந்தும் உரமும் நாகர்கோவில் சாக்கடையும் சேத்துத்தான். ஓ.என்.ஜி.சி.யைத் திட்டுறதுக்கு முன்னாடி எங்க வயலுக்காரங்களும் கொஞ்சம் தொண்டையைக் கனைச்சுக்கணும்.

கடல்காரங்களுக்குள்ளயும் எல்லாரும் ஒரே கட்சி இல்ல. கடலடியை வாரிக்கிட்டுப் போற இழுவை மடி பாறையோரத்துக் கடற்பஞ்சு, கடல்விசிறியை எல்லாம் பேத்துப் போட்டுடும்னு வள்ளத்துக்காரங்க சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்க. எங்க மாவட்டத்துல விசைப்படகுக்கு ரெண்டு தடைக்காலம், தெரியுமா? கிழக்கே சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், நடுவுல ஒரு கோடு. அந்தக் கோடு மீனுக்குத் தெரியுமான்னு கேக்காதீங்க. சிங்கி இறாலுக்கும் 2003ல ஒரு சட்டம் வந்துச்சு: பாறையில கிடைக்கிற இந்த வகையை 200 கிராமுக்குக் குறைஞ்சு ஏற்றுமதி பண்ணக் கூடாது. முட்டையோட வர்றதைக் கடல்லயே விட்டுடுவேன்னு மாமா சொல்றார். பக்கத்து வள்ளம் விடுமான்னு கேட்டா சிரிக்கிறார்.

விளைச்சல் எவ்வளவு சீக்கிரம் கவுந்துடும்ங்கிறதுக்குச் சாளை போதும். பக்கத்துக் கேரளாவுல 2012ல ஏறக்குறைய 4 லட்சம் டன் சாளை கரைக்கு வந்தது. 2021ல வந்தது 3,300 டன் சுமார்னு கொச்சியில இருக்கிற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தோட கணக்கு. எண்ணெய்க் கிணறு எதுவும் தோண்டாமலேயே இந்த நிலை. கடல் சூடு, மழைக்காலத்தோட மாற்றம், அளவுக்கு மீறிப் பிடிக்கிறதுன்னு காரணம் பல. சாளை அப்பப்ப திரும்பி வரவும் செய்யும். ஆனா வராத வருஷம் மீன்கார அக்கா வீட்டு அடுப்பு எரியறது கஷ்டம்.

சரி, மேப்புக்கு வருவோம். அரசாங்க வரைபடத்துல அந்தக் கடல் வெறும் நீலம். நம்பர் போட்ட மூணு கட்டம், சுத்தி ஒண்ணுமே இல்லாத மாதிரி. நான் மாமா கிட்டச் சொன்னேன்: உங்க பாறைகளை எல்லாம் பேரோட, இடத்தோட, எந்த மாசம் என்ன மீன் படும்ங்கிறதோட ஒரு ஃபைல் போடுவோம். மத்த ஊர்க்காரங்க கிட்டயும் வாங்குவோம். கருத்துக் கேட்புக் கூட்டம்னு ஒண்ணு நடந்தா, இந்தாங்க சார், நீங்க நீலமா விட்ட இடத்துல இவ்வளவு பேர் குடியிருக்காங்கன்னு நீட்டலாம்.

அவருக்கும் ஆசை வந்துச்சு. மூணு சனிக்கிழமை உக்காந்தோம். அவர் கண்ணை மூடிக்கிட்டு மலையையும் கோபுரத்தையும் வரிசைப்படுத்துவார், நான் கோடு போடுவேன். ஆழம் எத்தனை பாகம், அடியில சேறா மணலா, எந்தப் பாறையில வலை மாட்டும், எதுல சிங்கி இறால், எதுல கலவா. அவங்க அப்பா காட்டிக் குடுத்த பாறை ஒண்ணு இருக்கு, அதை இதுவரைக்கும் சொந்தத் தம்பிக்குக்கூடச் சொன்னதில்லையாம். அதையும் சொன்னார். மொத்தம் 31 எண்ட்ரி.

நாலாவது சனிக்கிழமை, இதை எங்க போடப் போறேன்னு கேட்டார். இணையத்துலதான் மாமா, அப்பத்தான் எல்லாரும் பாப்பாங்கன்னேன். "எல்லாரும்னா? இழுவைப் படகுக்காரனுமா?"

பதில் சொல்ல முடியல. பாறை இருக்குன்னு காட்டினாத்தான் அதைக் காப்பாத்தச் சொல்லிக் கேக்க முடியும். எங்க இருக்குன்னு காட்டினா அடுத்த வாரமே அங்க மடி இறங்கும். புள்ளியைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைப்போமா, வெறும் வட்டமா போடுவோமான்னு கேட்டுப் பாத்தேன். தப்பாப் போட்ட புள்ளியை அதிகாரி நம்புவானான்னு திருப்பிக் கேட்டார். மகன் வளைகுடாவுல இருந்து வாட்ஸ்அப்ல, எண்ணிக்கையை மட்டும் குடுங்க, இடம் வேண்டாம்னு எழுதினான். அதுவும் பேச்சுல இருக்கு. மத்த ஊர்ப் பெரியவங்க நாலஞ்சு பேரு கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்னு மாமா சொல்லியிருக்கார்.

ஃபைல் இப்ப என் லேப்டாப்ல, பாஸ்வேர்ட் போட்டு இருக்கு. பாஸ்வேர்ட் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கத்து நண்பர்கள், உங்க கடல்ல யாராவது இந்த மாதிரி பாறைக் கணக்கு எடுத்திருந்தா, இடத்தைச் சொல்லாம எப்படி நிரூபிச்சாங்கன்னு மட்டும் எழுதுங்க. மாமா கிட்டப் போய் படிச்சுக் காட்டணும்.